அச்சாபீஸ் பதில்கள்: தடவினால் வரி, பார்த்தால் பள்ளம்

போன இதழில் மை காய்வதைப் பற்றி எழுதும்போது, என் பேத்தியின் ஸ்கேலில் கண் சிமிட்டும் புலியைப் பற்றி ஒரு வரி போட்டுவிட்டேன். அவ்வளவுதான். இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதி அந்தப் புலியைத் தேடித்தான் வந்திருக்கின்றன. காலண்டர் சீசன் முடிந்து, மஞ்சக்குப்பத்தில் என் அச்சாபீஸும் இப்போதுதான் கொஞ்சம் மூச்சு விடுகிறது. சரி, இந்த முறை முழுக்க ‘ஆடும் படம்’தான்.

கேள்வி: பாடலீஸ்வரர் கோயில் வைகாசித் தேருக்கு வந்த கடையில் இரண்டு படம் வாங்கினேன். ஒன்றை மேலும் கீழும் சாய்த்தால் பிள்ளையார் முருகனாக மாறுகிறார். இன்னொன்றில் மயில் முன்னால் வந்து நிற்கிறது, மலை உள்ளே போய்விடுகிறது. தடவினால் இரண்டுமே சொரசொர என்று இருக்கின்றன. உள்ளே என்ன இருக்கிறது? பிரித்துப் பார்க்க வேண்டும் என்று பேரன் கத்தியோடு நிற்கிறான்.
*வாசகி, திருப்பாதிரிப்புலியூர்*

முதலில் கத்தியை வாங்கி வையுங்கள் அம்மா. பேரனுக்குப் பதிலாக நான் ஒன்றைப் பிரித்துப் பார்த்தாயிற்று. தேவனாம்பட்டினத்தில் மாசி மகத்துக்குப் போட்ட கடையில் வாங்கிய பெருமாள் படம் அது. முனையில் நகத்தைக் கொடுத்து, ஹேர் டிரையரில் சூடு காட்டி மெதுவாக இழுத்தேன். மேலே இருந்த பிளாஸ்டிக் தனியாகவும், கீழே இருந்த அச்சடித்த தாள் தனியாகவும் வந்துவிட்டன. (சில படங்களில் பிளாஸ்டிக்கின் முதுகிலேயே அச்சடித்துவிடுவார்கள். அவை பிரியாது.) ஷீட் மேலே இருந்தவரை சங்கு சக்கரத்தோடு முன்னால் வந்து நின்ற பெருமாள், வெறும் தாளில் மழையில் நனைந்த போஸ்டர் மாதிரி கலங்கிப்போயிருந்தார். அச்சுப் புள்ளி பார்க்கும் லென்ஸை எடுத்து வைத்துப் பார்த்தேன். கலங்கலே இல்லை. நூல் நூலாகக் கீற்றுகள். ஒரு கீற்றில் கிரீடத்தின் பொன்னிறம், அடுத்ததில் பின்னணி நீலம், மறுபடி பொன்னிறம்.

மேலே இருக்கும் ஷீட்டின் விஷயம் வேறு. கூரைக்குப் போடும் நெளித் தகரத்தை எறும்பு வீட்டுக்கு ஏற்றபடி சின்னதாக்கினால் எப்படியோ அப்படி. ஒவ்வொரு வரியும் ஒரு நீளமான லென்ஸ். மேல் பக்கம் வளைவு, அடிப்பக்கம் தட்டை. என்னிடம் இருக்கும் ஷீட்டில் ஓர் அங்குலத்துக்கு 60 வரி; கனம் ஒரு மில்லிமீட்டர் சொச்சம். அந்தக் கனத்தை யாரும் சும்மா வைக்கவில்லை. வளைவு ஒளியைக் குவிக்கும் இடம் சரியாக அடிப்பக்கத்தில், அதாவது அச்சின் மேலேயே விழ வேண்டும். அதற்காகக் கணக்குப் பண்ணி வைத்த கனம் அது.

அப்படிக் குவிந்தால் என்ன ஆகும்? ஒரு டெஸ்ட் டியூபிலோ, உருளையான கண்ணாடி மருந்து பாட்டிலிலோ தண்ணீர் நிரப்பி மூடுங்கள். கோடு போட்ட நோட்டின் மேல், கோடுகளோடு ஒட்டினாற்போலப் படுக்கவைத்து, அரை விரல் கனம் தூக்கிப் பிடித்துப் பாருங்கள். பாட்டில் அகலத்துக்கும் ஒரே கோடு உப்பி நிற்கும். தலையைக் கொஞ்சம் நகர்த்தினால் அது ஓடிப்போய் வெள்ளைத் தாள் வந்து நிரப்பிக்கொள்ளும். ஷீட்டில் இருக்கும் ஒவ்வொரு வரியும் இதைத்தான் செய்கிறது. தன் அடியில் இருக்கும் கீற்றுகளில், நீங்கள் பார்க்கிற கோணத்துக்கு உரிய ஒன்றை மட்டும் பெரிதாக்கிக் காட்டுகிறது. மற்றவை அந்தக் கோணத்தில் கண்ணில் படாது.

60 வரி ஷீட்டில் ஒரு வரியின் அகலம் 0.42 மி.மீ. அதற்கடியில் 12 படங்களிலிருந்து ஆளுக்கு ஒரு கீற்று அடுக்கியிருப்பார்கள். ஒரு கீற்று 0.035 மி.மீ., தலைமுடியில் பாதி. கேமராவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கவாட்டில் நகர்த்தி எடுத்த 12 படங்கள் அவை. இப்போதெல்லாம் கம்ப்யூட்டரிலேயே மயிலையும் மலையையும் தனித்தனி அடுக்காக வெட்டி நகர்த்திவிடுகிறார்கள்.

இனி உங்கள் மயிலுக்கு வருவோம். நம் இரண்டு கண்களுக்கும் இடையே சுமார் 6.5 செ.மீ. தூரம். படத்தை 40 செ.மீ. தள்ளிப் பிடித்தால், இரண்டு கண்ணும் அதைப் பார்க்கும் கோணத்தில் 9 டிகிரி வித்தியாசம் வரும். 12 கீற்றும் சேர்ந்து 30 டிகிரிக்கு விரிகின்றன என்று வையுங்கள். அப்போது இடது கண் 5ஆம் படத்தைப் பார்க்கிற அதே நேரம், வலது கண் 8ஆவதையோ 9ஆவதையோ பார்க்கிறது. கட்டை விரலை முகத்துக்கு முன்னால் நீட்டி ஒவ்வொரு கண்ணாக மூடித் திறந்தால் விரல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தாவுமே, அதே தாவல்தான். மயில் அதிகமாகத் தாவும்படியும் மலை தாவாதபடியும் அச்சடித்து இரண்டு கண்ணுக்கும் ஊட்டிவிட்டால், மயில் கிட்டே, மலை எட்டே என்று மூளை தானாகத் தீர்ப்பு எழுதிவிடும். பிளாஸ்டிக்கில் பள்ளமும் கிடையாது, மேடும் கிடையாது.

பிள்ளையார் மாறுவது இதைவிடச் சுலபம். அந்தப் படத்தைத் தடவிப் பாருங்கள், வரிகள் படுக்கைவசத்தில் ஓடும். அதனால் இரண்டு கண்ணுக்கும் ஒரே கீற்றுதான் கிடைக்கும். மேலும் கீழும் சாய்த்தால்தான் கீற்று மாறும். மயில் படத்தில் வரிகள் செங்குத்தாக இருக்கும். பேரனிடம் கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்த்து, எது எந்தப் படம் என்று சொல்லச் சொல்லுங்கள். கத்தியை மறந்துவிடுவான்.

கேள்வி: கட்டிலில் ஒருக்களித்துப் படுத்துப் பார்த்தால், சுவரில் இருக்கும் 3டி படம் சப்பையாகத் தெரிகிறதே?
*வாசகர், நெல்லிக்குப்பம்*

ஒருக்களித்தால் உங்கள் கண்கள் ஒன்றின் மேல் ஒன்றாக வந்துவிடுகின்றன. வரிகளும் மேலிருந்து கீழாக ஓடுகின்றன. ஆகவே இரண்டு கண்ணுக்கும் ஒரே கீற்று. எழுந்து உட்காருங்கள், சரியாகிவிடும்.

கேள்வி: சின்ன வயதில் கோலி விளையாடும்போது அடிபட்டு எனக்கு ஒரு கண்ணில் பார்வை போய்விட்டது. மற்றவர்கள் “அப்பா, எவ்வளவு ஆழம்!” என்று சொல்லும் படத்தில் எனக்கு ஆழம் தெரியவே தெரியாதா?
*வாசகர், அரியாங்குப்பம்*

தெரியும் ஐயா. ஆனால் படத்தை அசையாமல் முறைத்துப் பார்த்தால் தெரியாது. தலையை மெதுவாக இடமும் வலமும் ஆட்டிப் பாருங்கள்.

கடலூர் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து வரும்போது, ரோட்டோரத் தென்னை சரசரவென்று பின்னால் ஓடும், தூரத்துத் தோப்பு நிதானமாக நகரும், நிலா கூடவே வரும். எது கிட்டே, எது எட்டே என்று அந்த ஓட்டத்திலேயே உங்களுக்குத் தெரிந்துவிடுகிறது அல்லவா? அதற்கு ஒரு கண் போதும். இந்தப் படத்திலும் 12 இடத்திலிருந்து எடுத்த 12 காட்சிகள் இருப்பதால், தலையை ஆட்டும்போது மயில் மலைக்கு முன்னால் நகர்ந்து போகும்.

கண்ணாடி மாட்டிக்கொண்டு கொட்டகையில் பார்க்கும் 3டி படத்தில் இருப்பது இரண்டே காட்சிகள், கண்ணுக்கு ஒன்று. ஒரு கண்ணோடு போனால் அந்த ஆழம் கிடைக்காது, தலையை ஆட்டியும் பிரயோஜனம் இல்லை. அந்த வகையில் டிக்கெட் காசை மிச்சம் பிடித்து, தேர்க் கடையில் ஒரு படம் வாங்குவதே உங்களுக்கு லாபம். ஒன்று மட்டும்: ரொம்ப ஆட்டினால் படம் வெடுக்கென்று துள்ளும். 12ஆம் கீற்று முடிந்து, பக்கத்து வரிக்குச் சொந்தமான 1ஆம் கீற்று உள்ளே வருகிற இடம் அது. இரண்டு கண் உள்ளவர்களுக்கு அந்த இடத்தில் மயில் பின்னாலும் மலை முன்னாலும் போய்த் தலை சுற்றும். உங்களுக்கு அந்தத் தொந்தரவு இல்லை.

கேள்வி: எங்கள் வீட்டுக் கூடத்தில் கொள்ளுத்தாத்தாவின் பழைய கறுப்பு வெள்ளைப் படம் இருக்கிறது. எங்கே நின்றாலும் அவர் கண் நம்மையே பார்க்கிறது. புதிதாக வந்த மருமகள் பயப்படுகிறாள். அதிலும் இந்த லென்ஸ் வேலை இருக்குமா?
*வாசகி, பண்ருட்டி*

இல்லை அம்மா, இது நேர் எதிர். படம் சுத்தமான தட்டை என்பதால்தான் தாத்தா விடாமல் பார்க்கிறார். போட்டோ எடுத்த அன்று கேமராவை நேராகப் பார்த்தார். கருவிழி கண்ணின் நடுவில் பதிந்துவிட்டது. நீங்கள் கூடத்தின் எந்த மூலைக்குப் போனாலும் அந்தத் தாளில் கருவிழி நடுவிலேயேதான் இருக்கும். நிஜமான ஆள் உட்கார்ந்திருந்தால், நீங்கள் பக்கவாட்டில் போகப்போக அவர் காது தெரியும், பார்வை உங்களை விட்டு விலகிவிடும்.

தாத்தாவையே வரி போட்ட 3டி படமாக எடுத்து வைத்திருந்தால், நகர்ந்தவுடன் பார்ப்பதை நிறுத்தியிருப்பார். மருமகளிடம் இதைச் சொல்லுங்கள். பயம் போகாவிட்டால் படத்தை மாடிக்கு மாற்றுங்கள், தாத்தா கோபித்துக்கொள்ள மாட்டார்.

கேள்வி: நான் இன்ஜினியரிங் இரண்டாம் ஆண்டு மாணவன். ஆடும் படத்தை வீட்டிலேயே செய்ய முடியுமா? லென்ஸ் ஷீட் எங்கே கிடைக்கும்?
*வாசகர், லாஸ்பேட்டை*

தம்பி, ஷீட் வாங்குவதற்கு முன் என் கதையைக் கேளுங்கள். கொஞ்சம் காசு மிச்சமாகும்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு கடைக்காரர் 300 காலண்டர் கேட்டார். 10 அங்குல அகலம், கோயில் கோபுரம், முன்னால் யானை, எல்லாம் 3டியில். எனக்கும் ஆசை. ஷீட் விற்றவர் (எந்த ஊர், யார் என்பதெல்லாம் வேண்டாம்) “60 வரி சார், கண்ணை மூடிக்கொண்டு அடிங்க” என்றார். நானும் அப்படியே செய்தேன், நிஜமாகவே கண்ணை மூடிக்கொண்டு. கம்ப்யூட்டரில் அங்குலத்துக்கு 60 என்று கணக்குப் போட்டு, 12 படத்தையும் கீற்றாக்கி, அங்குலத்துக்கு 720 புள்ளி வைக்கும் மெஷினில் அடித்தேன். 720ஐ 60ஆல் வகுத்தால் 12. கீற்றுக்கு ஒரு புள்ளி. கணக்கு அவ்வளவு அழகாக வந்தபோதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

ஷீட்டை ஒட்டி விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால், கோபுரம் இரண்டு இடத்தில் முறிந்து நிற்கிறது. யானைக்கு மூன்று தந்தம். பிறகு அளந்து பார்த்தேன். அந்த ஷீட்டில் இருந்தது அங்குலத்துக்கு 59.8 வரி. ஐந்து அங்குலம் போவதற்குள் அச்சுக் கீற்று ஒரு முழு வரி தவறிவிட்டது. அச்சாபீஸில் நிறம் மேல் நிறம் சரியாக விழாவிட்டால் ‘ரிஜிஸ்டர் அவுட்’ என்போம். ஆனால் நாலு கலர் வேலையில் ரிஜிஸ்டர் முடியளவு தப்பினால் யாருக்கும் தெரியாது. இதில் முடியில் பாதி தப்பினாலே வேறு படம் வந்துவிடும். கடைக்காரருக்குச் சாதாரணக் காலண்டர் அடித்துக் கொடுத்து மானத்தைக் காப்பாற்றிக்கொண்டேன். அந்த 300ல் ஒரு கட்டு இன்னும் எங்கள் சமையலறை அலமாரியில் விரிப்பாகக் கிடக்கிறது. கடுகு டப்பாவை எடுக்கும்போதெல்லாம் யானை தும்பிக்கையை ஆட்டும். வீட்டில் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமலிருப்பது என் மனைவியின் பெருந்தன்மை.

அதனால் முதலில் சோதனைத் தாள் அடிக்க வேண்டும். 59.5, 59.6, 59.7 என்று 60.5 வரை பட்டை பட்டையாகக் கறுப்பு வெள்ளைக் கோடுகள். மேலே ஷீட்டை வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, படத்தை எவ்வளவு தூரத்திலிருந்து பார்க்கப்போகிறோமோ அதே தூரத்தில் நின்று பார்க்க வேண்டும். எந்தப் பட்டை மட்டும் முழு நீளத்துக்கும் ஒரே நேரத்தில் கறுத்து, ஒரே நேரத்தில் வெளுக்கிறதோ அதுதான் உண்மையான எண். வெயிலையும் கணக்கில் எடுங்கள். 10 அங்குல பிளாஸ்டிக் ஷீட், சூடு 10 டிகிரி ஏறினால் சுமார் 0.17 மி.மீ. நீளும். வரியின் அகலமே 0.42 தான். காலையில் அளந்து மத்தியானம் ஒட்டினால் போச்சு.

லென்ஸே இல்லாமல் ஒரு வழி உண்டு, மாணவருக்கு அதுதான் உசிதம். ஒரே பொருளை 6 செ.மீ. தள்ளித் தள்ளி இரண்டு போட்டோ எடுங்கள். இரண்டையும் 1 மி.மீ. அகலச் செங்குத்துக் கீற்றுகளாக்கி, மாற்றி மாற்றி அடுக்கி அச்சடியுங்கள். ஒளி ஊடுருவும் ஓ.எச்.பி. ஷீட் ஒன்றில் கறுப்புக் கோடு, திறப்பு, கறுப்புக் கோடு, திறப்பு என்று அடியுங்கள். ஒரு கோடும் ஒரு திறப்பும் சேர்ந்து 2 மி.மீ. வைத்துவிடாதீர்கள், 1.97 வேண்டும். நாலு மூலையிலும் 6 மி.மீ. உயரத்துக்கு அட்டை அடுக்கி, படத்துக்கு மேல் இந்த ஷீட்டை வைத்து, 40 செ.மீ. தூரத்திலிருந்து பாருங்கள். கறுப்புக் கோடு இடது கண்ணுக்கு வலது படத்தை மறைக்கும், வலது கண்ணுக்கு இடது படத்தை மறைக்கும். உடனே தெரியாவிட்டால் ஷீட்டை முடியளவு இடமும் வலமும் தள்ளிப் பாருங்கள். திறப்பைக் கோட்டைவிடக் குறுக்கினால் படம் இன்னும் சுத்தமாகத் தெரியும். ஆனால் வெளிச்சம் போய்விடும். பாதிக்கு மேல் வெளிச்சத்தை அந்தக் கறுப்பே தின்றுவிடுகிறது என்பதால்தான் அச்சுக்கு லென்ஸ் ஷீட் வந்தது. லென்ஸ் எதையும் மறைக்காமல் வளைத்து அனுப்பிவிடும்.

2011ல் வந்த நின்டெண்டோ 3டிஎஸ் விளையாட்டுப் பெட்டியில் கண்ணாடி போடாமல் ஆழம் தெரிந்ததும் இந்த மறைப்பு முறையில்தான். ஆகவே பழைய சரக்கு என்று நினைக்காதீர்கள்.

கேள்வி: என் தபால்தலை ஆல்பத்தில் பூட்டான் நாட்டின் பிளாஸ்டிக் ஸ்டாம்ப் ஒன்று இருக்கிறது, விண்வெளி வீரர் படம். அசைத்தால் ஆழம் தெரிகிறது. இது ஜப்பான்காரர்கள் கண்டுபிடிப்பு என்கிறார் நண்பர். உண்மையா?
*வாசகர், ஓய்வு பெற்ற ஆசிரியர், முத்தியால்பேட்டை*

பூட்டான் 1967ல் வெளியிட்ட வரிசையாக இருக்கும் ஐயா. பத்திரமாக வையுங்கள். கண்டுபிடிப்பு அதைவிட அறுபது வருஷம் மூத்தது, ஜப்பானுடையதும் இல்லை. லாஸ்பேட்டைத் தம்பிக்கு மேலே சொன்ன கறுப்புக் கோட்டு முறைக்கு, அமெரிக்காவில் ஃபிரெடரிக் ஐவ்ஸ் 1903ல் காப்புரிமை வாங்கினார். 1908ல் பாரிஸில் கேப்ரியல் லிப்மன், ஈயின் கண் மாதிரி குட்டிக் குட்டி வட்ட லென்ஸ்களை அடுக்கினால் பக்கவாட்டில் மட்டுமல்ல, மேலும் கீழும்கூட ஆழம் காட்டலாம் என்று எழுதினார். அதே வருஷம் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது, ஆனால் இதற்கல்ல, கலர் போட்டோவுக்கு. உங்கள் ஊர்க்காரர்களின் பிரெஞ்சுப் பாசத்துக்கு இது போதும் என்று நினைக்கிறேன்.

வட்டத்தை நீட்டி வரியாக்கியதில் எனக்குப் பிடித்த ஆள், சுவிட்சர்லாந்தின் வால்டர் ஹெஸ். 1912ல் இதற்குக் காப்புரிமை கேட்டார். தொழிலில் அவர் கண் டாக்டர்! பிறகு கண் வைத்தியத்தை விட்டுவிட்டு மூளை ஆராய்ச்சிக்குப் போய், 1949ல் அதற்காக நோபல் வாங்கினார். ஆழம் கண்ணில் இருக்கிறதா மூளையில் இருக்கிறதா என்று யோசித்துப் போயிருப்பாரோ என்று நானாக நினைத்துக்கொள்வேன்.

1952 தேர்தலில் ஐசனோவருக்காக அமெரிக்காவில் ஆடும் பேட்ஜ் குத்திக்கொண்டு திரிந்தார்கள். ஒரு பக்கம் வாசகம், மறுபக்கம் முகம். நம் ஊரில் சின்னமும் முகமுமாக யாராவது ஆர்டர் கொடுத்தால் முன்பணம் வாங்கிக்கொண்டு அடித்துத் தரத் தயார்.

கேள்வி: பூஜை அறையில் வைத்த 3டி லட்சுமி படம் முன்பு போல் எழும்பி நிற்கவில்லை. சாயம் போயிருக்குமா?
*வாசகி, கடலூர் முதுநகர்*

சாயம் இல்லை, எண்ணெய்ப் புகை. விளக்குப் புகையும் ஊதுபத்திச் சாம்பலும் வரிகளுக்கு இடையே இருக்கும் பள்ளத்தில் போய் உட்கார்ந்து வளைவை நிரப்பிவிடுகின்றன. லென்ஸ் வேலை செய்வது பிளாஸ்டிக்கும் காற்றும் சந்திக்கும் அந்த வளைவில்தான். வேண்டாத ஓர் ஆடும் ஸ்டிக்கரின் மேல் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டுப் பாருங்கள். எண்ணெய் பரவிய இடத்தில் மட்டும் படம் சப்பையாகி, எல்லாக் கீற்றும் கலந்து கலங்கலாகத் தெரியும். எண்ணெயும் பிளாஸ்டிக்கும் ஒளியைக் கிட்டத்தட்ட ஒரே அளவில் வளைப்பதால் லென்ஸ் இருந்தும் இல்லாத மாதிரி ஆகிவிடுகிறது. தண்ணீர் விட்டாலும் இதே கதைதான், ஆனால் காய்ந்ததும் ஆழம் திரும்பிவிடும்.

லட்சுமியைச் சட்டத்திலிருந்து எடுத்து, பாத்திரம் தேய்க்கும் சோப்பு ஒரு துளி கலந்த தண்ணீரில் பழைய வேட்டித் துணியை நனைத்துப் பிழிந்து, வரி ஓடும் திசையிலேயே மேலிருந்து கீழாகத் துடையுங்கள். குறுக்கே தேய்த்தால் அழுக்கு பள்ளத்துக்குள் இன்னும் இறங்கும். தின்னர், பெட்ரோல், நகச்சாயம் அழிக்கும் திரவம் எதையும் கிட்டே கொண்டுபோகாதீர்கள், பிளாஸ்டிக் வெளுத்துவிடும். ஓரத்தில் தண்ணீர் இறங்கினால் அடித்தாள் ஊறும், அதனால் துணி ஈரமாக இருந்தால் போதும், சொட்டக் கூடாது. காய்ந்த பிறகு விளக்கிலிருந்து ஒரு முழம் தள்ளி மாட்டுங்கள்.